என் குளியலறைக்குக் கீழே ஒரு கலைஞன்

1.

இந்தக் கதை என் குளியலறையிலிருந்து ஒழுகியது. அழகுக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே ஒழுகியது. வாளி வைக்கிற மூலையில், தரை டைல்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரிசல். நான் குளிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு சாக்கடைக்கும், ஒரு பங்கு கீழ்வீட்டுப் படுக்கையறைக் கூரைக்கும் போய்க்கொண்டிருந்தது. கீழே இருந்த ஓர் ஓவியன் அதை அண்ணாந்து பார்த்தான், வரைந்தான், கலைஞனாகிவிட்டான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் கதவிடுக்கில் கண்காட்சி நோட்டீஸ் ஒன்று கிடந்தது. பளபளவென்று கெட்டித்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘வீடற்ற இக்கலைஞர், அந்நிய மண்ணின் கூரையில், தாம் இழந்த நதியைக் கண்டார்’ என்று போட்டிருந்தது.

நதியாம். அது என் சோப்புத் தண்ணீர்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். வேறு உள்நோக்கம் இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் சொல்வதையும் முழுசாக நம்பவேண்டாம்.

ஒரு ஏற்பாடு மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் மேல்வீட்டுக் கிழவன் என்று ஒருவன் வருவான். அது நான்தான். ஆனால் கதைக்குள்ளே ‘நான்’ என்று எழுதமாட்டேன். ‘நான்’ என்று எழுதுகிறவன் கதை முடிவதற்குள் எப்படியாவது நல்லவனாகிவிடுகிறான், கவனித்துப் பாருங்கள். கிழவன் கிழவனாகவே இருக்கட்டும். கதை கீழ்வீட்டு அக்காவுடையது. கூரை அவளுடையது, கட்டில் அவளுடையது, அந்த ஓவியனும் அவள் கூடப் பிறந்த தம்பிதான்.

கீழே நடந்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தண்ணீர் கீழே போகிற வழியாகப் பேச்சு மேலே வரும். பாதி அப்படிக் கேட்டது. மீதி அக்காவே சொன்னது. அதற்கும் மீதி இருந்தால் அது நான் போட்டது.

2.

தொடக்கம் மூன்று எழுதினேன். இரண்டை அடித்துவிட்டேன். அடித்ததையும் காட்டுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை.

முதலாவது: ‘விமானத்தை விட்டு இறங்கிய அந்த இளைஞனின் கண்களில் ஒரு கனவு மின்னி—’

(வேண்டாம். கண்ணில் தூசி விழுந்து தேய்த்துக்கொண்டு நின்றானாம், அக்கா சொன்னாள். இளைஞனும் இல்லை. முன்மண்டையில் வழுக்கை நன்றாக ஏறிவிட்டது.)

இரண்டாவது: ‘பிறந்த மண் அவனுக்கு மூச்சு முட்டியது. ஆகவே அவன் எல்லைகளைக் கடந்து—’

(இதுவும் வேண்டாம். அங்கே அவன் கடைகளுக்குப் பலகை எழுதினான். புகைப்படத்தைப் பார்த்து ஆளை வரைந்து கொடுத்தான். யாரை வரைந்தாலும் அவர்களுடைய மைத்துனர் ஜாடை வந்துவிடும். சொந்தக்காரர் என்று தெரியும், யார் என்றுதான் தெரியாது. இதற்காக ஊர் அவனை மதிக்கவில்லை. ஊரை அவன் மன்னிக்கவில்லை. எல்லை கடந்தது இவ்வளவு விஷயம்தான்.)

மூன்றாவது, இருக்கட்டும்:

அக்கா கறைமேசை முன்னால் நின்றிருந்தபோது போன் வந்தது.

அவளுக்கு ஒரு சலவைக்கடையில் வேலை. முன்பக்கம் கண்ணாடிக் கதவும் மணியும் பூந்தொட்டியுமாக இருக்கும். பின்பக்கம் நீராவி, ஈரத்துணி, நாற்காலி கிடையாது. கறை எடுக்கிற மேசை அவளுடைய பொறுப்பு. சட்டைக் கழுத்து, காப்பி, பேனா மை, உதட்டுச் சாயம். யார் சட்டையில் யாருடைய சாயம் என்று கேட்கக்கூடாது. எடுத்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளவேண்டும்.

“அக்கா, நான் வர்றேன்.”

“எங்கடா?”

“உன் வீட்டுக்குத்தான். ஒரு பத்து நாள். எடம் மாறினா எனக்கு வரைய வரும்னு தோணுது.”

“வாடா, இதுக்கெல்லாமா கேப்ப?” என்று வாய் சொல்லிவிட்டது. பிறகுதான் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. அவர், தம்பிக்கு அத்தான், நகரப் பேருந்து ஓட்டுகிறவர். சாயங்காலம் சொன்னபோது செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“பத்து நாள்னா யார் கணக்குல? காலண்டர் கணக்குலயா, உன் தம்பி கணக்குலயா?”

3.

தம்பி வந்தான். முன்னறைச் சோபாவைக் கொடுத்தார்கள். ஒன்றும் வரவில்லை. வெளிச்சம் சரியில்லை என்றான், ஜன்னல் திரையைக் கழற்றினார்கள். சத்தம் சரியில்லை என்றான், டிவியை நிறுத்தினார்கள். தூரிகை பிடிக்கும் கையில் சமையல் வாடை ஏறுகிறது என்றான். அதற்கு ஒன்றும் செய்யமுடியவில்லை, அவனும் சாப்பிடவேண்டுமே.

பத்து நாள் பல தடவை போயிற்று. ஒருநாள் சோபாவில் கிடந்து முதுகு பிடித்துக்கொண்டதால் மத்தியானம் அக்காவின் கட்டிலில் போய்ப் படுத்தான். அண்ணாந்தான்.

“அக்கா! ஓடி வா!”

அக்கா மாவுக்கையோடு ஓடினாள். விழுந்துவிட்டான் என்று நினைத்தாளாம்.

“மேல பாரு.”

“நான் பாக்காததா? வர்ற ஞாயித்துக்கிழமை மேல்வீட்டு ஐயாகிட்ட சொல்லணும்.”

“என்ன தெரியுது?”

“ஒழுகறது தெரியுது.”

“அக்கா... அது ஆறு. நம்ம ஊரு ஆறு.”

“நம்ம ஊர்ல ஏதுடா ஆறு? குழாய்ல தண்ணி வந்தாலே தெருவே கூடி நிக்கும்.”

“வெளிய இல்லக்கா, உள்ள ஓடுற ஆறு. அங்க இருந்தவரைக்கும் கண்ணுக்குத் தெரியல. இத்தன தூரம் வந்து மல்லாந்தாத்தான் தெரியுது.”

அக்கா மறுபடியும் பார்த்தாள். பழுப்பாக ஒரு வளையம். அதற்குள் வெளிறலாக இன்னொரு வளையம். மேசையில் கிடந்தால் என்ன போட்டு எடுக்கலாம் என்றுதான் கை யோசித்தது. ஆனால் தம்பி முகத்தைப் பார்த்தாள். சின்ன வயசில் சுவரில் கரியால் கிறுக்கிவிட்டு அடி விழுவதற்கு முன்னால் ஒரு முகம் வைத்திருப்பானாம். அதே முகம்.

“ஆமாடா, ஆறு மாதிரித்தான் இருக்கு” என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்குக் கட்டில் போயிற்று. அவன் கூரைக்கு அடியில் படுத்துப் படுத்து எழுந்து வரைய ஆரம்பித்தான். அக்காவும் அத்தானும் முன்னறைக்கு வந்தார்கள். சோபா ஒருவருக்கு, தரை ஒருவருக்கு, மாற்றி மாற்றி.

“மச்சான், நாள் பூரா ஸ்டியரிங் பிடிக்கிறவன் நான். முதுகு சாய்க்க ஒரு எடம் வேணாமா?” என்று அத்தான் ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்.

“அத்தான், நீங்க ரோட்டைப் பாக்கறீங்க. நான் கூரையைப் பாக்கறேன். ரெண்டு பேருமே பயணத்துலதான் இருக்கோம்.”

அத்தான் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

(நானும் வெளியிலிருந்து இந்த நாட்டுக்கு வந்தவன்தான். எனக்கு அகத்தூண்டுதல் எதுவும் கிடைக்கவில்லை. வேலை கிடைத்தது. அதனால் என்னைப் பற்றி நோட்டீஸ் வரவில்லை.)

4.

இப்போது கிழவனைக் கொண்டுவரவேண்டும். இந்தப் பாத்திரம்தான் எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. எப்படி எழுதினாலும் ஏதோ மறைக்கிறவன் மாதிரியே நிற்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மாடி ஏறி வந்தாள்.

“ஐயா, கொஞ்சம் பாத்துக் குளிங்கய்யா.”

“பாத்துத்தாம்மா குளிக்கிறேன். கண்ண மூடிக்கிட்டா குளிக்கிறேன்?”

“அந்த மூலையில தண்ணி விடாதீங்கன்னு சொல்றேன். எங்க சீலிங் ஊறிப் போச்சு. பொதபொதன்னு தொங்குது.”

“நான் நிக்கிறதே அந்த மூலையிலதான். இந்தப் பக்கம் நின்னா கதவு இடிக்கும்.”

என்றாலும் அவள் நின்ற விதத்தைப் பார்த்துவிட்டு, சரி, இனிமேல் துணி நனைத்துத் துடைத்துக்கொள்கிறேன் என்றான் கிழவன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்த வாரமே தம்பி வந்தான். கையில் பிஸ்கட் பொட்டலம்.

“ஐயா, ரெண்டு நாளா நீங்க குளிக்கலையா?”

கிழவனுக்குச் சுருக்கென்றது. “ஏன், என்மேல வாடை வருதா?”

“ஐயோ, அதுக்கில்லீங்க. ஆறு வத்திருச்சு. ஓரமெல்லாம் பொருக்கு விடுது. நீங்க பாட்டுக்குத் தாராளமாக் குளிங்க. முடிஞ்சா, கொஞ்சம் இடதுபக்கமாத் தள்ளி நின்னு ஊத்தினீங்கன்னா ஒரு கிளையாறு கெடைக்கும்.”

“உங்கக்கா குளிக்காதீங்கன்னுட்டுப் போச்சு.”

“அவ கறை எடுக்கிறவ, ஐயா. அவளுக்கு எல்லாம் கறைதான்.”

கிழவன் என்ன செய்தான் தெரியுமா? இரண்டு பேர் பேச்சையும் கேட்டான். அக்கா வீட்டில் இருக்கும்போது ஈரத்துணியால் துடைத்துக்கொண்டான். அவள் வேலைக்குப் போனதும் வாளி வாளியாக இடதுபக்கம் ஊற்றினான்.

ஏன் அப்படிச் செய்தான் என்று எழுதுவதற்குக் கையில் சில காரணங்கள் வைத்திருக்கிறேன். எழுதிப் பார்த்தேன். எல்லாக் காரணமும் அவனைக் கொஞ்சம் நல்லவனாக்கிவிடுகிறது. ‘தனிமையில் வாடிய அம்முதியவர், தம் குளியலுக்குக்கூட ஒரு பொருள் உண்டென்று முதன்முறையாக—’ சீ. பிஸ்கட் நன்றாக இருந்தது என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

ஓவியங்களின் தலைப்புகளை நோட்டீஸில் பார்த்தேன். அவற்றுக்கு அடிக்குறிப்பு போட ஆளில்லை போலிருக்கிறது. நான் போடுகிறேன்:

* ‘மூதாதையர் கரையேறுதல்’ — கிழவன் கம்பளி துவைத்த நாள். சாயம் போய்விட்டது.
* ‘அன்னையின் மௌனம்’ — தெருவில் குழாய் உடைந்து கட்டடத்துக்கே தண்ணீர் வராத வாரம்.
* ‘எல்லையற்ற இல்லம்’ — குழாயை மூடாமல் டீ போடப் போய்விட்டது.

5.

கண்காட்சி வைக்கிற அம்மாவை அவனுக்குப் பிடித்துக் கொடுத்ததும் அக்காதான். இதை நோட்டீஸில் போடவில்லை. அந்தம்மா சலவைக்கடை வாடிக்கை. வெள்ளைப் பட்டுத் துப்பட்டாவில் மை கொட்டிக்கொண்டு வந்து அழாத குறையாக நின்றாள். அக்கா எடுத்துக் கொடுத்தாள். அந்தம்மா கையைப் பிடித்துக்கொண்டபோது, “என் தம்பி வரைவானுங்க” என்று சொல்லிவைத்தாள்.

(அந்தம்மா பேசுவது இந்த நாட்டுப் பேச்சு. நம் பேச்சில் மாற்றித் தருகிறேன். தம்பி மாற்றிச் சொன்ன மாதிரி மாற்றமாட்டேன்.)

தம்பி கடைக்கே கொண்டுபோய்க் காட்டிய ஓவியங்களைப் பார்த்ததும் அந்தம்மா கண்ணாடியைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

“இதில் எவ்வளவு இழப்பு!” என்றாள். “இவருக்கு வீடு இல்லையா?”

“இருக்குங்களே. என் வீட்டுலதான் இருக்கான்” என்றாள் அக்கா.

அந்தம்மாவின் முகம் விழுந்துவிட்டது. தம்பி குறுக்கே வந்து, சுவரும் கூரையும் இருந்தால் அது வீடாகிவிடுமா என்று ஏதோ நீளமாகச் சொன்னான். அந்தம்மாவின் முகம் மறுபடி எழுந்தது.

நோட்டீஸ் அச்சாகி வந்த அன்று அத்தான் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தார்.

“வீடற்ற கலைஞரா? அப்ப என் கட்டில்ல படுத்திருக்கிறது யாரு?”

“அத்தான், அது ஒரு மனநிலை.”

“அந்த மனநிலையைச் சோபால வெச்சுக்கக்கூடாதா, மச்சான்?”

இதோடு நிறுத்தினால் வெறும் கேலிக்கதை. கேலி எனக்குச் சுலபமாக வரும், அதனால் அதன்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. கேலிக்கு அடியில் கிடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பி இங்கே தங்குவதற்கான அனுமதி முடியப்போகிறது. கண்காட்சி நடந்தால், இவர் எங்களுக்குத் தேவையான கலைஞர் என்று அந்தம்மா அரசாங்கத்துக்கு எழுதித் தருவாள். வருஷக்கணக்கில் இருக்கலாம், தனியாக ஒரு அறை பார்த்துக்கொள்ளலாம். நடக்காவிட்டால் திரும்பிப் போகவேண்டும். போய் இறங்குகிற இடத்தில் அப்பா இருக்கிறார். வழியனுப்ப வாசல்வரைகூட வராதவர். “பலகை எழுதறவன் எந்த ஊர்ல இருந்தா என்ன?” என்று உள்ளேயிருந்தே சொன்னவர்.

அக்காவுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். சின்ன வயசிலிருந்து அந்தக் குரலுக்கும் தம்பிக்கும் நடுவில் நின்று நின்று பழகியவள்.

இன்னொரு பக்கம் அத்தான். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஒருநாள் மாற்றுச்சட்டையை ஒரு பையில் போட்டார்.

“டிப்போல ஓய்வறை இருக்கு. பெஞ்சு இருக்கு. நான் அங்க படுத்துக்கறேன்.”

“கோச்சுக்கிட்டுப் போறீங்களா?”

“கோவமில்லடி. முதுகு வலி. தூக்கமில்லாம வண்டி எடுக்கறேன், பின்னால அத்தன பேர் உக்காந்திருக்காங்க. உனக்குக் கட்டில் வேணும்னா கட்டில். ஆறு வேணும்னா ஆறு. சொல்லியனுப்பு, வர்றேன்.”

அக்காவுக்குக் கட்டிலும் வேண்டும், கட்டிலில் அவரும் வேண்டும். தம்பி தோற்று ஊர் திரும்பவும் கூடாது. ஒரே கூரைக்குக் கீழே இந்த இரண்டும் நடக்காது. கதையில் இருக்கிற முடிச்சு இதுதான்.

6.

இனி வருவது இந்த நாட்டு ஆட்களுக்குச் சொன்னால் புரியாது. உங்களுக்குப் புரியும்.

தம்பி சொன்னது இவ்வளவுதான்: “அக்கா, நாளைக்கு அந்தம்மா வீட்டுக்கு வர்றாங்க. நான் படம் வரையற ரூமைப் பாக்கணுமாம்.” சொல்லிவிட்டு, மறுநாள் காலையிலேயே அந்தம்மாவைக் கூட்டிவரக் கிளம்பிவிட்டான்.

வீட்டுக்குப் பெரிய மனுஷி வருகிறாள், உள்ளறைவரை வருகிறாள். நம் வீட்டில் என்ன செய்வோம்? அதைத்தான் அக்காவும் செய்தாள். டிப்போவுக்குப் போன் போட்டாள்.

“என்னங்க, நாலு பேர் வர்ற வீட்டுல கூரை இப்படியா இருக்கிறது? அந்தம்மா என்ன நெனைப்பாங்க? நம்ம புள்ளையை இப்படி ஒரு ஓட்டை ரூம்லயா போட்டிருக்கோம்னு கேட்டா மானம் போயிரும்.”

அத்தான் விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். வெள்ளைப் பெயின்ட் வாளியோடு வந்தார். டிப்போவுக்கு வேலை செய்கிற குழாய்க்காரன் ஒருவனையும் கையோடு இழுத்து வந்து, மேல்வீட்டுக்கு அனுப்பினார். மேலே ஒழுகிக்கொண்டிருந்தால் கீழே அடித்து என்ன பிரயோசனம்?

கிழவன் கதவைத் திறந்தான். குழாய்க்காரனை நம்பவில்லை, விட்டான்.

மேலே டைல்ஸ் உடைகிற சத்தம். கீழே கட்டில்மேல் ஸ்டூல் போட்டு ஏறி அத்தான் பொதபொதப்பைச் சுரண்டினார், பூசினார், அடித்தார். அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

“மேல பாக்காத, கண்ணுல விழும்.”

“நீங்க பஸ்ஸை ஓட்டற மாதிரி அடிக்காதீங்க. நின்னு அடிங்க.”

“ஸ்டாப் வந்தா நிப்பேன்.”

அவள் சிரித்தது மேலே கேட்டது. அந்த ஓட்டை வழியாக எத்தனையோ பேச்சு வந்திருக்கிறது, அந்தச் சிரிப்பு அதுவரை வந்ததில்லை. (இது கிழவன் மனத்தில் பட்டது என்று எழுதத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன். அவன் நல்லவனாகிவிடுவான்.)

வெள்ளை அடித்து முடித்துக் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டார்கள். ஓவியங்களைச் சுவரோரமாக அடுக்கினார்கள். அத்தான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்தார். சும்மா, ஒரு ஓரமாக.

தம்பி ‘ரூம்’ என்று சொன்னது அந்தக் கூரைக் கறையைத்தான் என்று இரண்டு பேருக்கும் கடைசிவரை தோன்றவே இல்லை.

7.

அழைப்பு மணி அடித்தது. இங்கே மூன்று முடிவுகள் வந்து வரிசையில் நின்றன.

முதல் முடிவு. அந்தம்மா வெள்ளைக் கூரையைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறாள். ‘ஆகா, நதியையே அழித்துவிட்டீர்களே, இதுவல்லவா இழப்பு!’ என்று கூரையை அப்படியே பெயர்த்தெடுத்துப் போகச் சொல்கிறாள். இது உங்களுக்கும் முன்கூட்டியே தோன்றியிருக்கும். எல்லாருக்கும் தோன்றுவது, ஆகவே நடக்கவில்லை.

இரண்டாவது முடிவு. கூரை இடிந்து அந்தம்மா தலையில் விழுகிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஆனால் கட்டிலும் உடையும். அத்தானை நினைத்து விட்டுவிட்டேன்.

மூன்றாவது, நடந்தது. நடந்தது என்றால், மேலே உடைத்துப் போட்டிருந்த ஓட்டை வழியாகக் கேட்டது. அன்றைக்குத் துளை பெரிதாகியிருந்ததால் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி கேட்டது.

கதவு திறந்தது. செருப்புச் சத்தம் உள்ளறைவரை போய் நின்றது.

“நதி எங்கே?” என்றாள் அந்தம்மா.

“அக்கா... என்ன பண்ணி வெச்சிருக்க?”

“சுத்தம் பண்ணினேண்டா. ஆள் வர்றாங்கன்னு சொன்னியே. உங்கத்தான் லீவு போட்டு வந்து—”

“அதைப் பாக்கத்தான்க்கா அவங்க வர்றதே!”



“பரவாயில்லை,” என்றாள் அந்தம்மா. குரல் பரவாயில்லை என்று சொல்லவில்லை. “மீதி ஓவியங்கள் முடிந்தால்தான் கண்காட்சி என்று பேசியிருந்தோம். மூலமே இல்லை என்றால், நான் எதை நம்பி எழுதித் தருவது? வேறொரு நாள் பார்க்கலாம்.” கைப்பை ஜிப் போடுகிற சத்தம்.

“இல்லம்மா, இருங்க,” என்றான் தம்பி. அவன் குரல் நடுங்கி அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டது. “அது எங்கயும் போகல. வெயில் ஏறினா மறையும், கொஞ்ச நேரத்துல தானா வந்துரும். அதுதான் அதோட அழகே. உக்காருங்க, ஒரு டீ குடிங்க. அதுக்குள்ள வந்துரும்.”

அக்கா அவனைப் பார்த்திருப்பாள். கரிச்சுவருக்கு முன்னால் நின்ற அதே முகம் அங்கே இருந்திருக்கும். இதை நான் பார்க்கவில்லை, ஆனால் மாடிப்படியில் காலடி கேட்டது.

8.

கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். கன்னத்தில் வெள்ளைப் பெயின்ட் ஒரு துளி காய்ந்திருந்தது.

“ஐயா, ஒரு தடவ குளிங்க.”

கிழவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். “குளிக்காதீங்கன்னு சொன்னதும் நீதானம்மா?”

“இப்ப குளிங்கன்னு சொல்றேன்.”

குழாய்க்காரன் மண்டியிட்டபடியே திரும்பினான். கையில் கரண்டி. “அக்கா, இப்பத்தான் சிமென்ட் வெச்சிருக்கேன். காயல. தண்ணி பட்டா மொத்தமும் கரைஞ்சு போயிரும். அடியில வேற பழைய ஈரம். நீங்க ஊத்தினா நேரா உங்க கட்டில்லதான் எறங்கும்.”

“எவ்வளவு நேரத்துல எறங்கும்?”

“எறங்கறதுக்கா கேக்கறீங்க?” குழாய்க்காரன் கிழவனைப் பார்த்தான். கிழவன் ஜன்னலைப் பார்த்தான். “ஒரு டீ ஆறுற நேரம். ஆனா அப்புறம் நான் திரும்பி வரமாட்டேன், சொல்லிட்டேன். ரெண்டாந்தடவ ஒட்டாது. தளத்தையே பேக்கணும்.”

அக்கா குளியலறைக்குள் வந்தாள். அதுவரை அந்த இடத்தை அவள் பார்த்ததில்லை. கீழேயிருந்து எத்தனையோ நாள் அண்ணாந்து பார்த்த ஒன்றின் மேல்பக்கம் அது. ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு சொம்பு, சோப்பு ஒட்டிய பலகை. மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரச் சிமென்ட்.

“இவ்வளவுதானா?” என்றாள்.

குழாய்க்காரன் கரண்டியைக் கீழே வைத்தான்.

“இதுக்கா அவர் பெஞ்சுல படுத்தாரு?”

சொல்லிவிட்டு அவளே வாளியைக் குழாய்க்கு அடியில் தள்ளினாள். திறந்தாள். தண்ணீர் விழுகிற சத்தத்தில் கீழே பேசுவது கேட்கவில்லை. வாளி நிறைந்தது. மூடினாள். இரண்டு கையாலும் தூக்கினாள்.

(இங்கே ‘அவள் கண்களில் நீர் துளிர்த்தது’ என்று ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். அவள் கண் சிமென்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. எந்தக் கறைக்கு எதைப் போடுவது என்று மேசையில் குனிந்து பார்க்கிறவளின் கண்தான்.)

வாளியின் மறுபக்கத்தைக் கிழவனும் பிடித்தான். ஊற்றப் பிடித்தானா, நிறுத்தப் பிடித்தானா என்று கேட்காதீர்கள். அவனுக்கே தெரியாது, எனக்கு எங்கே தெரியும்?

அப்போது கீழேயிருந்து தம்பியின் குரல் வந்தது.

“அக்கா! டீ என்னாச்சு?”

உடனே இன்னொரு குரல்.

“நான் போடறேன், மச்சான். அவ ஏதோ வேலையா இருக்கா. விடு.”

9.

இங்கே நிறுத்துகிறேன்.

முடிவு எனக்குத் தெரியும். பக்கத்திலேயே நின்றவன் நான், தெரியாமல் இருக்குமா? சொல்லமாட்டேன். ஊற்றினாள் என்று எழுதினால், தம்பிக்காகப் புருஷனைத் தரையில் போட்டவள் என்பீர்கள். ஊற்றவில்லை என்று எழுதினால், கட்டிலுக்காகக் கூடப் பிறந்தவனை விமானம் ஏற்றியவள் என்பீர்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் அவள் மேசைக்குத்தான் இன்னொரு கறை வந்து சேரும். தம்பியைப் பற்றி நோட்டீஸ் சொல்லட்டும். அத்தானைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவர் டீ போடப் போயிருக்கிறார்.

அது என் தண்ணீர், என் பெயரையும் நோட்டீஸில் போடு என்று கேட்கத்தான் எழுத ஆரம்பித்தேன். இப்போது யோசித்தால், கீழே விழுந்த தண்ணீருக்குப் பெயர் கேட்கிறவனும் கூரையில் ஆறு பார்க்கிறவனும் ஒரே சாதிதான் போலிருக்கிறது. இதையும் அடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். கிடக்கட்டும்.

வாளி உங்கள் பக்கம் வருகிறது. பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் கிழவன், காலடியில் காயாத சிமென்ட். அதற்குக் கீழே மூன்று பேர். ஒருத்தி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளைக் கூரையை அண்ணாந்து பார்க்கிறாள். ஒருவன் அவள் முகத்தைப் பார்க்கிறான். ஒருவர் அடுப்படியில் எத்தனை டம்ளர் என்று எண்ணிவிட்டு, மேலே போனவளுக்கும் சேர்த்துத் தண்ணீர் வைக்கிறார்.

அடுப்பு பற்றிவிட்டது, சத்தம் கேட்கிறது. வாளி கனக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.